வாவியைக் கேட்ட செவிகள்

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்கிறோம். பாடுவது மீன்தானா, அன்றி வேறு நீர்வாழ் உயிரா என்பதற்கு அறிவியலார் இன்னும் முடிந்த விடை கூறவில்லை. எனினும் கல்லடிப் பாலத்தை அடுத்து, நிலவு பரந்த அமைதியான இரவுகளில், வாவியின் அடியிலிருந்து ஓர் ஒலி எழுவதுண்டு என்பதற்குச் சான்றுகள் பல. அவ்வொலியைக் கேட்டவர்கள் எதனைக் கேட்டார்கள் என்பதே இங்கு நாம் நோக்கப் புகுவது.

1848 ஆம் ஆண்டு, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் இங்கு வந்தார். இரவில் தோணியேறி ஒலி எழும் இடத்தை அடைந்தார். இசைக்கருவியின் நரம்பு மெல்ல அதிர்வது போலவும், கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தாற் போலவும் அது இருந்ததென்று, பின்னர் 1859 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஒரே சுரமன்று, நுண்ணிய ஒலிகள் பல, ஒவ்வொன்றும் தனித்துத் தெளிவாகக் கேட்டன. தோணியின் மரத்திலே செவியை வைத்தபோது ஒலி மிகுந்தது. அவருக்கு வழிகாட்டிய மீனவரோ அதனை ஊரியின் அழுகை என்றனர். விருந்தினர்க்கு நரம்பிசை, வலைஞர்க்கு அழுகுரல். நீர் ஒன்றுதான்.

செவி வெறுங் கலம் அன்று. முன்பு கேட்டவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டே புதியதைக் கேட்கின்றது. என் மாணாக்கரை ஐந்து நிமிடம் பேசாதிருந்து, கேட்டவற்றை எழுதச் சொல்வதுண்டு. ஒரே வகுப்பறை, ஆனால் கடற்கரைப் பிள்ளையின் தாளும் வயற்கரைப் பிள்ளையின் தாளும் ஒத்திருப்பதில்லை.

மூன்றாமவர் விபுலாநந்த அடிகளார். 1892 இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றவர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைக் கொண்டு, மறைந்துபோன யாழை மீட்க முனைந்தவர். சுருதிகளைக் கணக்கிட்டு அளந்த அவரே, வாவியின் ஒலியை நீரரமகளிரின் பாடலாகக் கவிதையில் வடித்தார். இவற்றுள் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அளக்கத் தெரிந்தவனுக்கு வியக்கவும் தெரியலாம் அன்றோ? யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. மறுமாதமே அடிகளார் மறைந்தார்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசுசபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியை நீரினுள்ளிருந்தே பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. ஒலிவாங்கிக்குப் பழைய நினைவுகள் கிடையா. ஆயினும் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்தவர்களுக்கு உண்டு.

பின்னர் போர் ஆண்டுகளில் இரவு வேளை வாவிக்குச் செல்வது அரிதாயிற்று. 2009 இல் போர் ஓய்ந்தது. 2013 இல் பழைய பாலத்தின் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. வாகனங்கள் பெருகின, தோணிகளில் இயந்திரமும் ஏறிற்று. பாடுமீனைச் சின்னங்களிலும் சிலைகளிலும் கண்ட பிள்ளைகள் பலர். கேட்ட பிள்ளைகள் மிகச் சிலர்.

கேட்க விரும்புவோர்க்கு மீனவர் கையாளும் முறை ஒன்றுண்டு. இயந்திரத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி, மறுமுனையில் காதை வைத்துக்கொள்வர். அலை அடங்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.