வீடு மாறியவர்கள்

சொந்தக் கையால் ஒரு வலைத்தளம் கட்டி முடித்தவருடைய ஆனந்தம் சாமான்யமானதல்ல. புதுமனை புகுந்தவரைப் போல் சிநேகிதர்களுக்கெல்லாம் விலாசத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். மறுநாள் காலையில் முதல் விருந்தாளியிடமிருந்து தகவல் வரும்: "பார்த்தேன் ஸார், பிரமாதம்! ஆனால் மூன்றாவது இணைப்பை அழுத்தினால் '404, காணவில்லை' என்கிறதே?" அன்றைக்குத் தொடங்கும் வேலை பிறகு லேசில் ஓய்வதில்லை.

காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. வீட்டிலே சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகத் திறந்திருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். சர்வர்களில் அநேகம் யூனிக்ஸ் வம்சம். அங்கே இரண்டும் வேறு வேறு ஆசாமிகள். இன்னொருவர் தம் சொந்த 'சி' டிரைவின் பாதையையே இணைப்பில் எழுதி வைத்திருப்பார். படம் அவர் ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்! இவற்றையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிடலாம். நம்மால் திருத்த முடியாதது, பிறத்தியார் வீட்டுக்குப் போகும் பாதை. அவர்கள் வீடு மாறினாலும் சரி, இடித்துத் தள்ளினாலும் சரி, நமக்கு ஒரு கார்டு போடுவது கிடையாது.

இப்படி அறுந்து விழக்கூடிய ஒன்றை ஏன்தான் சிருஷ்டித்தார்களோ என்று நான் பல தடவை அலுத்துக்கொண்டதுண்டு. சரித்திரத்தைப் புரட்டினால், அது அஜாக்கிரதையால் நேர்ந்ததல்ல, தெரிந்தே செய்தது என்பது புலப்படுகிறது.

1980-ல் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கில இளைஞர் ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள செர்ன் அணு ஆராய்ச்சி நிலையத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தார். அந்தப் பெரிய நிலையத்தில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள 'என்குவயர்' என்று ஒரு புரோகிராம் எழுதினார். அதில் இரண்டு விதமான இணைப்புகள் உண்டு. ஒரே கோப்புக்குள் ஓடுகிற இணைப்பு இரு முனைகளிலும் பதிவாகும். கோப்பு விட்டுக் கோப்பு தாவுகிற இணைப்போ, புறப்படுகிற முனையில் மட்டுமே இருக்கும். ஒரு பக்கத்தை ஆயிரம் பேர் சுட்டிக் காட்டினால், ஆயிரத்துக்கும் அந்தப் பக்கத்துக்காரர் கணக்கு வைத்திருக்க வேண்டும். எந்த மனிதர் அதற்குச் சம்மதிப்பார் என்பது அவருடைய எண்ணம். ஊரை விட்டுப் புறப்படுகையில் புரோகிராம் இருந்த தட்டை அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார். அது தொலைந்து போயிற்று.

திரும்பி வந்து, 1989 மார்ச்சில் தம் யோசனையை எழுதிக் கொடுத்தார். செர்னுக்கு வருகிறவர்கள் இரண்டு வருஷம் போல் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் அறிந்த விவரமும் கூடவே போய்விடுகிறது என்பது அதில் அவர் சொன்ன குறை. காணாமற் போவதைத் தடுக்கப் பிறந்ததுதான் வலை! கதையிலே இப்படி எழுதினால், வலிந்து புகுத்தியது என்று விமரிசகர்கள் சொல்லியிருப்பார்கள்.

அறுபடாத இணைப்பை யாரும் கற்பனை செய்யவில்லையா என்றால், செய்தார்கள். 'ஹைபர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை 1965-ல் உலகுக்குத் தந்த அமெரிக்கர் டெட் நெல்சன், 1960 முதலே 'ஸானடு' என்றொரு மாளிகையைக் கனவு கண்டு வந்தார். அதில் ஒவ்வோர் இணைப்பும் இரு புறமும் தெரியும். எது எங்கே நகர்ந்தாலும் அறாது. கேட்பதற்கு என்ன அழகு! கட்டி முடிக்கத்தான் பல பத்தாண்டுகள் போதவில்லை. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து அறிஞர்கள் செய்த 'ஹைபர்-ஜி' இணைப்புகளைத் தனிப் பேரேட்டில் பதிந்து காத்தது. பேரேடு இருந்தால் கணக்குப்பிள்ளையும் வேண்டும். பெர்னர்ஸ்-லீயின் வலையில் கணக்குப்பிள்ளையே கிடையாது. யாரும் யாரையும் அனுமதி கேட்காமல் சுட்டலாம். 1993 ஏப்ரல் 30-ந் தேதி செர்ன் அதைப் பொதுச் சொத்தாக விட்டுவிட்டது. தபால் தலை சேர்க்கிறவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் நினைத்தவுடன் தளம் கட்ட முடிந்ததற்குக் காரணம், அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்ற அந்தத் தாராள மனசுதான். நெல்சன் பேரில் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனாலும் அவருடைய மாளிகையில் நமக்கெல்லாம் இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

செர்னில் 404-ம் நம்பர் அறையில் யாரோ கோப்பைத் தேடி ஏமாந்ததால் அந்த எண் வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. சுத்தப் புளுகு என்று பெர்னர்ஸ்-லீயின் கூட்டாளி ராபர்ட் கயோவே மறுத்துவிட்டார். உண்மை இன்னும் வேடிக்கை. நான்கில் தொடங்கும் எண்களெல்லாம் கேட்கிறவர் பக்கத்துத் தவறு என்பது விதி. வீட்டைக் காலி செய்தவர் ஒருவர். பழி, கதவைத் தட்டியவர் தலையில்!

அறுந்தவற்றைத் தேடிப் பிடிக்கும் வேலையும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1994-ல் கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்து மாணவர் ராய் ஃபீல்டிங், 'மாம்ஸ்பைடர்' என்றொரு புரோகிராமைச் செய்து வெளியிட்டார். பக்கம் பக்கமாகப் போய், செத்த இணைப்புகளையும் இடம் மாறியவற்றையும் குறித்து வந்து சொல்லும் சிலந்தி அது.

ஆனால் ஊரே இடிந்தால் சிலந்தி என்ன செய்யும்? 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற கம்பெனி இலவசமாக மனை கொடுத்தது. சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர்காரர்களுக்கு சிலிகான் வேலி என்று பேட்டைகள். வீட்டுக்கு வீடு கதவிலக்கம். மின்னும் நட்சத்திரங்களும், குழந்தைகளின் போட்டோக்களும், கவிதை என்று எழுதியவர் நம்பியவையும் அங்கே குடியேறின. 1999-ல் யாஹூ அதை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26-ல் மூடிவிட்டது. 'ஆர்க்கைவ் டீம்' என்ற தன்னார்வக் கூட்டத்தார் ராப்பகலாகப் பிரதி எடுத்துப் பெரும் பகுதியை மீட்டார்கள். விலாசங்கள் மட்டும் திரும்பவில்லை.

இது எளியோருக்கு மட்டும் நேரும் கதியல்ல. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ ஒரு தீர்ப்புரையின் அடிக்குறிப்பில் ஒரு வலைப்பக்கத்தைக் காட்டினார். பின்னால் அந்த விலாசம் வேறொரு கைக்குப் போக, அந்த ஆசாமி வலைப்பக்கங்களை மேற்கோள் காட்டும் வழக்கத்தையே கேலி செய்து ஒரு குறிப்பை அங்கே தொங்கவிட்டார். அந்த நீதிமன்றத்துத் தீர்ப்புகள் சுட்டிய விலாசங்களில் பாதி, சுட்டிய பொருளை இப்போது காட்டுவதில்லை என்று 2014-ல் ஹார்வர்ட் சட்ட அறிஞர்கள் கண்டார்கள். 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் நூற்றுக்கு 38 பத்து வருஷத்துக்குள் மறைந்தன என்று 2024-ல் பியூ ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொன்னது.

நம்மவர்களுக்கு இதற்குமேல் ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஓர் எழுத்துரு என்றிருந்த நாளில், இணைப்பு உயிரோடிருந்தாலும் பக்கம் வெறும் கிறுக்கலாய்த் தெரிந்ததுண்டு. 1998-ல் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தங்கள் நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தது, வீட்டைப் பெயர்க்காமலே அஸ்திவாரத்தை மாற்றிய காரியம். அதை மெச்சியவர்கள் போதாது.

வீடு மாறுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய வாசலில் '301, நிரந்தரமாக இடம் மாறியது' என்று எழுதிப் புது விலாசத்தைக் கொடுத்துவிட்டால், பிரவுசரே விருந்தாளியை அழைத்துக்கொண்டு போய்விடும். அடியோடு இடித்துவிட்டவர் '410, போய்விட்டது' என்றாவது சொல்லலாம். நல்ல விலாசம் மாறாது என்று 1998-லேயே பெர்னர்ஸ்-லீ கட்டுரை எழுதி மன்றாடினார்.

அவர் கட்டிய முதல் பக்கத்துக்கே இந்தக் கதி தப்பவில்லை. செர்னில் இருந்த அதன் பழைய விலாசம் வெகு காலம் உறங்கிக் கிடந்தது. 2013-ல், பொதுச் சொத்தாக விட்ட இருபதாம் ஆண்டு நிறைவன்று, 1992-ம் வருஷத்துப் பிரதி ஒன்றைத் தேடியெடுத்து அதே விலாசத்தில் மீண்டும் குடிவைத்தார்கள்.