ஆவியல்ல, மூளை!

இராயபுரத்தில் வலை இழுப்பது கை. திருவொற்றியூரில் இரும்பை அறுப்பது கை. எண்ணூரில் இயந்திரம் பூட்டுவதும் கை. காணியும் கழனியும் இல்லாத மக்களுக்குக் கையே காணி, கையே கருவூலம்! அந்தக் கையை இயந்திரம் பறித்துக்கொண்டால்? வேலை போகும், வருவாய் போகும். வலியாவது போகுமா? பலருக்குப் போவதில்லை. வெட்டுண்ட கை மண்ணோடு மண்ணான பின்னும், அதன் விரல்கள் இறுக மடங்கி, நகங்கள் உள்ளங்கையில் பதிவதுபோல வலிக்கும். கை இல்லை, வலி இருக்கிறது!

வெளியே சொன்னால் பித்தன் என்பர். பேய் பிடித்ததென்று வேப்பிலை எடுப்பர். பாமரர் மட்டுமா இப்படி? 1797இல் போரில் வலக்கையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன், இல்லாத கையை உணர்ந்து, ஆன்மா உண்டென்பதற்கு இதுவே சான்று என்றாராம். கை அழிந்தும் கையுணர்வு நிற்குமாயின், உடல் அழிந்தும் உயிர் நிற்காதா என்பது வாதம். வாதம் இருக்கட்டும், அது எவருடைய வலியைத் தீர்த்தது?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களைக் கண்ட மருத்துவர் வியர் மிட்செல், 1866இல் இந்நிலையைத் தம் பெயர் போடாமல் ஒரு கதையாக எழுதினார். 1871இல்தான் அதற்கு 'மாய உறுப்பு' என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

காரணம் தேடியவர்களுள் ஒருவர் மருத்துவம் பயின்றது நம் வடசென்னையில் என்பதை நாம் அறிந்திருக்கவேண்டும். 1782இல் பஞ்சத்தில் வாடியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரம், 1799இல் மருத்துவமனை கண்டது. 1877இல் இராயபுரம் மருத்துவப் பள்ளி தோன்றியது. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மலர்ந்தது. இன்றும் முதியோர் நாவில் அது 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். கஞ்சி வார்த்த இடம் கல்வி வார்த்த வரலாறு இது!

அங்கேதான் அறுவை மருத்துவர் ஆர். வெங்கடசாமி, சிதைந்த கைகளைச் சீராக்கும் தனித்துறையை வளர்த்தார். துண்டான விரல்நுனியைச் செப்பனிட அவர் கண்ட முறை 1980இல் உலக மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அங்கேதான் வி.எஸ். இராமச்சந்திரனும் பயின்றார். மாணவராக இருந்தபோதே, இரு கண்களின் பார்வை குறித்து அவர் எழுதிய ஆய்வு 1972இல் 'நேச்சர்' ஏட்டில் இடம்பெற்றது. வடசென்னைத் தொழிலாளியின் கையைக் கண்டே அவருக்குப் பின்னாளைய எண்ணம் பிறந்தது என்று நாம் கதை கட்டமாட்டோம். கட்டாமலே உண்மை போதிய பெருமையுடையது.

கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, 1983இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தை அடைந்த அவர், கையிழந்த இளைஞர் ஒருவரின் கண்களைக் கட்டி, பஞ்சு முனையால் கன்னத்தைத் தொட்டார். "என் கட்டைவிரலைத் தொடுகிறீர்கள்" என்னும் பொருள்பட விடை வந்தது! கனடாவில் பென்பீல்டு முன்பே வரைந்த மூளைப்படத்தில், கைக்குரிய பகுதியை அடுத்தே முகத்துக்குரிய பகுதி இருக்கிறது. செய்தி வராத கைப்பகுதிக்குள் முகத்தின் செய்தி புகுந்தது என்று 1992இல் விளக்கினார்.

பின்னர் ஒரு பெட்டியில் நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையின் நிழல், இழந்த கை மீண்டதுபோல் தோன்றியது. நல்ல கையை விரித்தால், கண்ணாடிக் கையும் விரிந்தது. சிலருக்கு நெடுநாள் இறுகியிருந்த மாயக் கையும் விரிந்தது, வலி தணிந்தது! 1995இல் இச்செய்தி வெளியாயிற்று. கால் இழந்த படைவீரரிடம் நடத்திய சோதனையிலும் கண்ணாடி வலியைக் குறைத்ததென 2007இல் அறிவித்தனர். எல்லோர்க்கும் அது ஒன்றுபோல் பயன்படவில்லை என்பதும் உண்மை.

அறிவியல் அத்துடன் நின்றதா? 2013இல் தாமர் மேக்கின் குழுவினர், வலி மிகுந்தோர் மூளையில் கைப்பகுதி பெரிதும் பழையபடியே நிலைத்திருப்பதைக் காட்டி, இராமச்சந்திரனின் விளக்கத்தையே கேள்விக்குள்ளாக்கினர். பெரியவர் சொன்னார் என்பதால் பேசாதிருப்பதன்று அறிவியல். சொன்னவரையும் சோதித்துப் பார்ப்பதே அதன் உயிர்.

ஆலை வாயிலிலும் துறைமுக வாயிலிலும் இச்செய்தி எட்டவேண்டும் என்கிறோம் நாம். கையிழந்த தோழன் இரவில் துடிக்கும்போது, "உனக்குப் பித்தும் இல்லை, பேயும் இல்லை, உன் மூளை இன்னும் உன் கையை மறக்கவில்லை, மருத்துவரிடம் போவோம், வா!" என்று சொல்ல ஒருவர் வேண்டும். வலியை மறைக்கவைக்கும் வெட்கம் அன்றே பாதி ஒழியும். மீதியை மருத்துவம் பார்த்துக்கொள்ளட்டும்!