கலைக்கூடமும் சமுதாயமும்: கெற்றில்ஸ் யாட் இல்லம் பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பியக் கலைக்கூடங்கள் பலவும் அரண்மனைகளின் வழித்தோன்றல்களே. மன்னரும் பிரபுக்களும் திரட்டிய செல்வம் பிற்காலத்திற் பொதுமக்களின் காட்சிக்கு விடப்பட்டது. அதனாற் போலும், அவற்றுள் நுழையும் சாதாரண மனிதன் தன்னை அறியாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். இம்மரபினின்றும் விலகிய ஒரு முயற்சியே இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலுள்ள கெற்றில்ஸ் யாட் என்னும் இல்லமாகும்.

இதனைத் தோற்றுவித்த ஜிம் ஈட் (1895-1990) இலண்டன் ரேற் கலைக்கூடத்திற் பணியாற்றியவர். நவீன ஓவியத்தை அந்நிறுவனத்தின் மேலிடம் ஐயத்துடன் நோக்கிய காலம் அது. 1915இல், இருபத்துமூன்று வயதிற் போர்க்களத்தில் மடிந்த பிரெஞ்சுச் சிற்பி கோடியே-பிரெஸ்காவின் படைப்புக்களை அவர் 1927இற் பெற்றுக் காத்தார்.

அவர் ஆதரித்தோருள் அல்பிரட் வாலிஸ் தனித்து நோக்கற்பாலர். சென் ஐவ்ஸ் துறைமுகத்தின் முன்னாள் மீனவரான இவர், மனைவியை இழந்தபின், எழுபது வயதளவிலே தூரிகை எடுத்தார். முறையான பயிற்சி எதுவும் பெற்றவரல்லர். கிடைத்த அட்டைத் துண்டுகளிற் படகுக்குப் பூசும் வர்ணத்தாற் கடலைத் தீட்டி, கட்டாகக் கட்டித் தபாலில் ஈட்டுக்கு அனுப்புவார். ஈட் இயன்றவற்றை வாங்கிக்கொள்வார். 1942இல் வாலிஸ் ஏழைகள் விடுதியிற் கண்மூடினார். ஓவியன் விடுதியில் இறக்க, ஓவியம் பல்கலைக்கழகச் சுவரில் வாழ்கின்றது.

1936இற் பதவி துறந்து, மொறொக்கோவிலும் பின்னர் பிரான்சிலும் வாழ்ந்த ஈட், 1956இற் கேம்பிறிட்ஜ் வந்தார். பெரிய மாளிகையொன்றையே அவர் தேடினார். கிடைத்தவையோ புனித பீற்றர் தேவாலயத்தின் அருகே, குடியிருக்கத் தகாதவை எனக் கழிக்கப்பட்ட நான்கு சிறு வீடுகள். அவற்றை ஒன்றாக இணைத்து, 1957 தொடக்கம் தவணைக்காலப் பிற்பகல்களில் மாணவருக்குத் திறந்துவைத்தார். மணியை இழுத்தால் அவரே வந்து வரவேற்பார். கதிரைகளில் அமரலாம். ஓவியங்களின் கீழே பெயர்ச்சீட்டுக்கள் இல்லை. மிரோவின் ஓவியத்திலுள்ள மஞ்சட் புள்ளிக்கு இணையாக, அருகே ஒரு தட்டில் எலுமிச்சம்பழம் ஒன்று இருக்கும். கடற்கரையிற் பொறுக்கிய கூழாங்கற்கள் சிற்பங்களுக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கும்.

இவை யாவற்றினும் சிறந்தது அவரது இரவல் முறையே. மாணவர் ஓவியங்களைத் தம் விடுதி அறைகளுக்கு எடுத்துச் சென்று, சுவரில் மாட்டி அவற்றோடு வாழலாம். பாடநூலொன்றை ஓரிரவு இரவல் பெறுவதற்கே நூலகத்தில் வரிசையில் நிற்கும் எமக்கு இது கதைபோலத் தோன்றும். காவலரின் கண்பார்வையில் ஐந்து நிமிடம் காண்பதும், துயிலெழும்போதெல்லாம் காண்பதும் ஒரே காட்சியாகா. ஈட் கற்பிக்க விரும்பியது இவ்வேறுபாட்டையே எனலாம்.

1966இல் இல்லத்தையும் தொகுப்பையும் பல்கலைக்கழகத்திடம் கையளித்த ஈட், 1973இல் எடின்பரோ சென்றார். இடையில் 1970இல், லெஸ்லி மார்ட்டினும் டேவிட் ஓவர்ஸும் வடிவமைத்த புதிய பகுதி, ஜக்லின் டு பிரே, டானியல் பரன்போயிம் ஆகியோரின் இசையுடன் திறக்கப்பட்டது.

ஆயின், திறந்திருந்த இக்கதவு யாருக்குத் திறந்திருந்தது? அக்காலக் கேம்பிறிட்ஜ் மாணவருட் பெரும்பாலோர் வசதிபடைத்த குடும்பத்து ஆண்கள். அந்நான்கு வீடுகளில் முன்னர் வாழ்ந்த எளியோர் யார், எங்குச் சென்றனர் என்பதை இல்லத்தின் அழகில் மயங்கும் நாம் கேட்க மறந்துவிடுகிறோம். ஈட்டின் நோக்கம் தூயது. அதன் எல்லையோ பல்கலைக்கழகத்தின் எல்லையாகவே இருந்தது.

இக்குறையை நிறுவனம் காலம் தாழ்த்தியேனும் உணர்ந்ததெனக் கொள்ளலாம். நகரின் வடபாலுள்ள ஆபரி, கிங்ஸ் ஹெட்ஜஸ் முதலிய குடியிருப்புக்களில், கலைஞர்கள் அங்குள்ள மக்களோடு இணைந்து பணியாற்றும் 'திறந்த வீடு' என்னும் திட்டம் பின்னர் உருவாயிற்று. 2018இல் மீளத் திறக்கப்பட்ட கட்டிடத்திற் கல்விக்கெனத் தனிப்பகுதி அமைந்தது. எனினும் இரவல் முறை மாணவருக்கென எழுந்தது. அது ஆபரி வீட்டுச் சுவர்களையும் எட்டுமாயின், அட்டையிற் கடல் தீட்டிய வாலிஸ் தம்மவரிடமே திரும்பியவராவார்.