எளாவூரில் எண்பலகை

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையருகே உள்ள எளாவூர் சோதனைச்சாவடியில் வண்டி எண்ணைக் கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய காலம் நீண்டது. பிரிட்டனிலோ 1976-லேயே காவல்துறை ஆய்வுப் பிரிவு எண்பலகை படிக்கும் கருவியை உருவாக்கிவிட்டது. இங்கே தலைவலி கேமரா அல்ல, பலகைதான். 1989 மோட்டார் வாகன விதிகள் லாரி, கார்களுக்கு எழுத்துயரம் 65 மில்லிமீட்டர் என்று வகுத்தும், பெயின்டரின் கைவண்ணமே சட்டமாக இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைக்குப் பழைய இரும்பு ஏற்றிவரும் லாரியில் சேறு அப்பிய பலகையைப் பார்த்து 3 எது, 8 எது என்று எந்தக் கருவி சொல்லும்?

2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு ஒரே அச்சில் பொறித்த உயர்பாதுகாப்புப் பலகை கட்டாயமானது. அதன் ஒளி திருப்பும் பரப்பு அகச்சிவப்பு விளக்கில் பளிச்சிடும். இரவிலும் எழுத்து துலங்கும். கேமராவை அதிகம் சாய்க்காமல், ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பொருத்தினால் போதும்.