குரல் சுமந்த கூம்பு

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு. அரஃபாத் பெருவெளியில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையை ஆற்றுகின்றார்கள். கண்ணுக்கு எட்டிய தொலைவு மட்டும் மக்கள் வெள்ளம். அத்தனை செவிகளுக்கும் ஒருவரது குரல் எட்டுவது எங்ஙனம்? ரபீஆ இப்னு உமையா என்னும் உரத்த குரலுடையவர் அருகே நின்று, நாயகம் அவர்கள் மொழிந்தவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, மக்களுக்கு எடுத்து முழங்கினார் என வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதி வைத்துள்ளார்.

ஒருவர் குரலைப் பல்லாயிரவர்க்கு எட்டச் செய்யும் தேவை நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. பெரும் பள்ளிகளில் இமாமின் தக்பீரைப் பின்வரிசைகளுக்கு எடுத்துரைக்க முகப்பிர் ஒருவர் நியமிக்கப்பட்டார். மிஹ்ராபின் குழிந்த சுவர், கிப்லாவை நோக்கி ஓதும் இமாமின் குரலைத் திருப்பி ஜமாஅத்தின் பக்கம் அனுப்பியது. 1557-இல் இஸ்தான்புல்லில் முடிவுற்ற சுலைமானிய்யா பள்ளியின் குவிமாடத்தினுள் மட்கலங்களைப் பதித்து, ஓசையைச் சீர்செய்தார் கட்டடக் கலைஞர் ஸினான். மனிதக் குரல், சுவர், மட்கலம் ஆகியவை செய்துவந்த இப்பணியை இருபதாம் நூற்றாண்டில் ஒரு கூம்பு ஏற்றுக்கொண்டது. நாம் குழாய் ஸ்பீக்கர் என்றழைக்கும் அக்கூம்பின் கதை, அறிவியல் கதை மட்டுமன்று. நம் பள்ளிவாசலிலும் நம் வீட்டுக் கூடத்திலும் நுழைந்து, பல வினாக்களை எழுப்பிச் சென்ற கதையும் ஆகும்.

ஊசியும் விசிறியும்

கூம்பு ஒலியை உண்டாக்குவதில்லை. அங்ஙனமாயின் அது செய்யும் பணி யாது? ஓர் ஊசியை எவ்வளவு விரைவாக ஆட்டினாலும் காற்று வீசாது. பனையோலை விசிறியை மெல்ல அசைத்தாலே போதும், முகத்தில் காற்றுப் படும். அதிரும் சிறு தகட்டின் நிலையும் ஊசியின் நிலையே. தகடு கனமானது, காற்றோ மிக இலேசானது. தகட்டின் உழைப்பிற் பெரும்பகுதி காற்றைப் பற்றாமலே வீணாகின்றது. தகட்டின் முன் ஒடுங்கிய கழுத்தும் விரிந்த வாயுமுடைய கூம்பை வைத்தால், கழுத்திலுள்ள காற்று நெருக்குண்டு தகட்டுக்கு ஈடுகொடுக்கின்றது. அந்த அழுத்தம் சிறிது சிறிதாக விரிந்து, வாயின் வழியே வெளியுலகைச் சேர்கின்றது. சங்கும் நாகசுரமும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

சாதாரண ஒலிபெருக்கி, தான் பெறும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக மாற்றுகின்றது. பலவற்றில் அதுவும் இல்லை. எஞ்சியதெல்லாம் வெப்பமாய்ப் போகின்றது. நன்கு அமைந்த கூம்போ நூற்றில் பத்துப் பங்குக்கும் மேலாக ஒலியாக்கித் தருகின்றது. கூம்பின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே சுழல்கின்றது.

பெருங்குரல் பிறந்தது

1877-இல் எடிசன் உருவாக்கிய போனோகிராப்புக்கும், பின்வந்த கிராமபோனுக்கும் மின்சாரத் துணை கிடையாது. பாடுவோர் ஒரு கூம்பின் வாயில் பாடினர். கேட்போர் மற்றொரு கூம்பின் வாயில் செவி வைத்தனர். இதற்கே அந்நாளில் மார்க்க வினா எழுந்தது. போனோகிராப்பிலிருந்து எழும் திருமறை ஓதலின் நிலை யாது என்று பத்தேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஸையித் உஸ்மான் அவர்கள் 1899-இல் ஃபத்வா எழுதினார்கள். புதுக் கருவி கரையேறிய கணத்திலேயே அது குறித்துச் சிந்திக்கத் தொடங்கியவர்கள் நம் ஆலிம்கள் என்பதற்கு இதுவே சான்று.

மின்சாரத்தையும் கூம்பையும் இணைத்த பெருமை, டென்மார்க்கிற் பிறந்த பீட்டர் ஜென்சனையும், அமெரிக்கரான எட்வின் பிரிதமையும் சாரும். கலிபோர்னியாவின் நாப்பா என்னும் சிற்றூரில் உழைத்த அவர்கள், காந்தப்புலத்தில் அதிரும் தம் கருவியின் மீது கிராமபோன் கூம்பு ஒன்றைப் பொருத்தினர். 1915 டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்துக்கு அக்கருவி இசையையும் பேச்சையும் வழங்கிற்று. இலத்தீன் மொழியில் ‘பெருங்குரல்’ எனப் பொருள்படும் மேக்னவாக்ஸ் என்பதே அவர்கள் இட்ட பெயர். 1919 செப்டம்பர் 19 அன்று சான் டியேகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சன், கண்ணாடிக் கூண்டினுள் நின்று, ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர்க்குச் சர்வதேச சங்கத்தைப் பற்றி உரையாற்றியது இக்கருவியின் வாயிலாகவே.

1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அமைத்த வால்வு, பின்னர்ச் செம்மையுற்று, ஆம்ப்ளிஃபயருக்கு உயிரூட்டிற்று. எனினும் அந்நாளைய வால்வு தந்த ஆற்றல் சில வாட்டுகளே. அச்சிறு ஆற்றலைக் கொண்டு ஆயிரம் பேர் அமரும் அரங்கை நிரப்பக் கூம்பையன்றி வேறு வழி இல்லை. ஆகவே கூம்பின் வளைவு கணித ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. 1919-இல் வெப்ஸ்டர் என்னும் இயற்பியலார் கூம்பின் இலக்கணத்தைச் சமன்பாடாக வகுத்தார். சம தொலைவு தோறும் வாய்ப்பரப்பு இருமடங்காகப் பெருகும் வடிவம் மிகப் பயனுடையது எனத் தெளிவாயிற்று. 1926-இல் அமெரிக்கத் திரையரங்குகளில் படத்துடன் ஒலியும் எழுந்தபோது, திரைக்குப் பின்னே நின்றவை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மாபெரும் கூம்புகளே.

இமாமின் குரலா, எதிரொலியா?

மேடைக்கும் அரங்குக்கும் வந்த கருவி பள்ளிவாசலுக்கு வராமல் இருக்குமா? 1936-இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளியில் ஒலிபெருக்கி அமைக்கப்பட்ட செய்தி அந்நாளைய ஏடுகளில் இடம்பெற்றது. அதற்கு முன்பே, 1934 மே 31 அன்று, எகிப்து வானொலி ஷைகு முஹம்மது ரிஃப்அத் அவர்களின் கிராஅத்துடன் தன் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது.

பாங்கும் பயானும் ஒலிபெருக்கி வழியே செல்வதில் அத்துணைச் சிக்கல் இல்லை. தொழுகையிலேயே கடினமான வினா எழுந்தது. முக்ததி பின்பற்ற வேண்டியது இமாமின் குரலை. கூம்பிலிருந்து வருவது இமாமின் குரல்தானா? அன்றி மலையில் மோதித் திரும்பும் எதிரொலி போன்ற வேறொரு ஓசையா? வேறொன்றாயின், தொழுகைக்கு வெளியே உள்ள ஒன்றைப் பின்பற்றியவர் தொழுகை என்னாகும்?

இன்று இவ்வினாவைக் கேட்டுப் புன்னகைப்போர் உண்டு. அது சரியன்று. மைக்கினுள் ஒலியலை மின்னலையாகின்றது. ஆம்ப்ளிஃபயர் அம்மின்னலையின் வடிவைப் பெரிதாக்குகின்றது. கூம்பின் கழுத்தில் தகடு மீண்டும் காற்றை அதிர வைக்கின்றது. இடையில் நேர்வது தொடர்ச்சியா, மறுபிறப்பா என்பது இயற்பியல் அறிந்தவரையும் ஒரு கணம் நிறுத்தும் கேள்வி. தேவ்பந்தின் பேரறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் முதலில் தொழுகையில் இதனைத் தவிர்க்கும் கருத்தையே கொண்டிருந்தார்கள். பின்னர் அறிவியல் வல்லுநர்களிடம் கருவி இயங்கும் முறையைக் கேட்டறிந்து, ஆய்ந்து, அதன் வழியே தொழும் தொழுகை செல்லும் என்னும் முடிவுக்கு வந்தார்கள். புதுக் கருவிகள் பற்றிய மார்க்கச் சட்டங்களுக்கென அவர்கள் தனி நூலே இயற்றினார்கள். தெரியாத துறையில் தெரிந்தவரை அணுகிக் கேட்பதும், தெளிவு பிறந்தபின் கருத்தைத் திருத்திக்கொள்வதும் இழுக்கல்ல, இல்மின் இலக்கணம் என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

அறையின் மூலையில் ஓர் அரங்கு

இனி வீட்டுக்குள் வருவோம். நல்ல ஒலியை நாடுவோர்க்கு நெடுங்காலம் ஓர் ஏக்கம் இருந்தது. அரங்கிற் கேட்ட உயிர்ப்பு வீட்டுப் பெட்டியில் இல்லை. அரங்கின் கூம்போ வீட்டில் நுழையாது. காரணம் எளிய கணக்கு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கின்றது. நொடிக்கு 40 அதிர்வுகள் உள்ள ஆழ்ந்த ஓசையின் அலைநீளம் 8.5 மீட்டர். அதனைச் செவ்வனே வெளியிடக் கூம்பு வாயின் சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவு இருத்தல் வேண்டும். அதாவது குறுக்களவு 2.7 மீட்டர். எந்த வீட்டுக் கூடம் இதற்கு இடங்கொடுக்கும்? தெருவிற் கட்டும் சிறு கூம்பில் குரலின் அடித்தொனி எழாமல், மேற்குரல் மட்டும் கீச்சிடுவதன் காரணமும் இதுவே.

விடை கண்டவர்களுள் முதன்மையானவர் பால் வில்பர் கிளிப்ஷ். 1904-இல் பிறந்த அமெரிக்கர், தொழிலால் பொறியாளர், ஒலியோ அவரது ஓய்வுநேர ஈடுபாடு. இரண்டாம் உலகப் போரின்போது ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்னும் ஊரில் இராணுவப் பணியாற்றியவர், போர் முடிந்தபின் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் கூடுகின்றன அல்லவா? அங்கு வைத்த ஒலி நாற்புறமும் சிதறாமல், வெளியின் எட்டில் ஒரு பகுதிக்குள் அடங்குகின்றது. கூம்பு வாயின் பரப்பும் எட்டில் ஒன்றாய்க் குறைந்தால் போதும். எஞ்சிய கூம்பை அவ்வீட்டுச் சுவர்களே அமைத்துத் தருகின்றன! நீண்ட கழுத்தை மரப்பெட்டியினுள் மடித்து வைத்தார் கிளிப்ஷ். 1946-இல் தொடங்கிய அவரது தொழில், சலவைக்கடை ஒன்றின் பின்புறத் தகரக் கொட்டகையில் வளர்ந்தது. 2002-இல் 98-ஆம் வயதில் அவர் மறைந்த பின்னரும் அம்மூலைக் கூம்பு அதே ஊரில் செய்யப்பட்டு வருகின்றது.

அதே காலத்தில், 1947-இல், வில்லியம்சன் என்பார் 15 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் முழு வரைபடத்தை ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கில இதழில் வெளியிட்டார். அதனைப் பார்த்துத் தம் கையாலேயே செய்து மகிழ்ந்தோர் பல நாடுகளிலும் இருந்தனர்.

ஆற்றல் மலிந்தபோது

1954-இல் எட்கர் வில்ச்சர் சிறு மூடிய பெட்டியிலிருந்தே ஆழ்ந்த ஓசையை எழுப்பிக் காட்டினார். அதற்கு விலையாக மிகுந்த ஆற்றல் தேவைப்பட்டது. டிரான்சிஸ்டர் அதனை மலிவாக வழங்கிற்று. 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது, ஒன்றுக்கு இரண்டு மூலைகளும் இரண்டு பெருங்கூம்புகளும் வேண்டியதாயின. இல்லத்தரசிகள் எத்துணைப் பொறுமையுடையவராயினும் எத்தனை மூலைகளைத்தான் விட்டுக்கொடுப்பர்? கூம்பு பெரும்பாலான வீடுகளைவிட்டு வெளியேறிற்று.

எனினும் ஜப்பானிலும் பிரான்சிலும் சிலர் பழைய திரையரங்குக் கூம்புகளைத் தேடிச் சேர்த்தனர். எட்டு வாட் மட்டுமே தரும் 300பி என்னும் பழைய வால்வோடு இணைத்துக் கேட்டனர். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். ஒரு வாட்டுக்கு 100 டெசிபல் தரும் கூம்புக்கு ஒரு வாட் போதுமானதாக உள்ள இடத்தில், 85 டெசிபல் பெட்டிக்கு 32 வாட் தேவை. வீட்டிற் கேட்கும்போது கூம்பு உண்பது ஒரு வாட்டிலும் குறைவே. ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. ஆம்ப்ளிஃபயரின் மிகச் சிறு இரைச்சலையும் கூம்பு மறைக்காது காட்டிக்கொடுக்கும். ஆகவே, அந்த முதல் வாட் மாசற்றதாய் இருத்தல் வேண்டும். பின்னே நூறு வாட் இருப்பதால் முதல் வாட்டின் மாசு நீங்கிவிடாது.

இத்தகைய அமைப்பில் ஷைகு மஹ்மூது கலீல் அல்-ஹுஸரீ அவர்களின் கிராஅத்தைத் தாழ்ந்த ஒலியிற் கேட்டோர்க்கு இதன் அருமை விளங்கும். திருமறை முழுவதையும் தர்த்தீலாக ஓதி ஒலிப்பதிவாக்கிய முதல்வர் அவர். அப்பதிவு 1961-இல் வெளியாயிற்று. மக்ரஜ் ஒவ்வொன்றும், மூச்சை நிறுத்தும் வக்ஃபும், நிறுத்தியபின் நிலவும் மௌனமும்கூடத் தெளிவாகச் செவியில் விழும். அடுத்த அறையில் உறங்கும் குழந்தை விழிப்பதில்லை.

நடுவழி

தெருவில் நடந்தது வேறு. ஆற்றல் அரிதாயிருந்த நாளில் அதனைச் சிக்கனமாகச் செலவிடப் பிறந்தது கூம்பு. ஆற்றல் மலிந்த நாளில் அதே கூம்பின் கழுத்தில் நூறு வாட்டைத் திணித்தோம். திருமண வீடு, தேர்தல் மேடை, திருவிழா, கந்தூரி என எவ்விடத்தும் மைக் செட் அலறலாயிற்று. இந்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என அவை எல்லை வகுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. சட்டம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானதே. அது எல்லார் மீதும் ஒன்றுபோற் செலுத்தப்படுகின்றதா என்பது நாம் கேட்கத்தக்க நியாயமான கேள்வி. ஆனால் அயலாரின் உறக்கமும் நோயாளியின் அமைதியும் சட்டம் வருமுன்பே நமக்கு அமானிதமாய் ஒப்படைக்கப்பட்டவை அல்லவா?

தொழுகையில் குரலை மிக உயர்த்தாமலும் மிகத் தாழ்த்தாமலும் இடைப்பட்ட வழியைத் தேடுமாறு பனீ இஸ்ராயீல் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கின்றது. ரபீஆவின் குரல் கூட்டத்தின் எல்லை வரை சென்றது. அதற்கே அது தேவைப்பட்டது. நம் பள்ளிகளின் ஜமாஅத்தார் கூம்பின் ஆற்றலைக் கூட்டுமுன், அதன் முகம் எத்திசை நோக்கி உள்ளது, பாங்கின் சொற்கள் தெளிவாக விழுகின்றனவா, உள்ளே நிகழும் பயானுக்கு வெளிக்கூம்பு தேவைதானா என்பவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. பாங்கு ஓர் அழைப்பு. அழைக்கப்படுபவர் செவியில் அது தெளிவாகவும் இனிமையாகவும் விழுமாறு செய்வது நம் கடமை.