கலைக்களஞ்சியத் தொகுப்பிற் பிணக்கும் பண்பும்

பலர் கூடிக் கலைக்களஞ்சியம் தொகுத்தல் புதியதன்று. ஆயின், ஒருவரை ஒருவர் அறியாதார், ஊதியமின்றி, ஒருவர் எழுதியதை மற்றொருவர் உடனே மாற்றும் உரிமையுடன் தொகுத்தல் விக்கிப்பீடியாவாலேயே பெருவழக்காயிற்று. அங்கு எழுந்த பிணக்குகள் எவ்வாறு தீர்க்கப்பெற்றன என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

2000-ஆம் ஆண்டில் தொடங்கிய நுப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையும் அறிஞர் ஆய்வின் ஏழு படிகளைக் கடத்தல் வேண்டும். பணி மிக மெல்ல நடந்தது. அதற்குத் துணையாக 2001 சனவரி 15-ஆம் நாள் விக்கிப்பீடியா தோன்றியது. இதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். விரைவு வந்தது, உடன் பூசலும் வந்தது. நடுநிலை நோக்கு என்னும் நெறி தொடக்கத்திலேயே வகுக்கப்பெற்றது. எனினும், தாமே நடுநிலையாளர் எனக் கருதும் இருவர் முரணும்போது அந்நெறி மட்டும் போதாதாயிற்று.

இதற்குச் சிறந்த சான்று பால்டிக் கடற்கரை நகரொன்றன் பெயர். போலந்து மக்கள் அதனைக் கதான்ஸ்க் என்பர். ஜெர்மானியர் தான்சிக் என்பர். 1308-இல் தியூத்தோனிய வீரத்துறவியர் அதனைக் கைப்பற்றினர். 1454-இல் அது போலந்து மன்னரைச் சார்ந்தது. 1793-இல் பிரஷ்யா வசமாயிற்று. 1920 முதல் 1939 வரை தனி நகராய் நின்று, 1945-இல் போலந்தை அடைந்தது. ஆதலின், பெயரைத் தேர்தலே உரிமையைத் தீர்ப்பதாகக் கொள்ளப்பட்டது. ஒருவர் இட்ட பெயரை மற்றவர் மாற்ற, அவர் மீண்டும் இட, பூசல் நீண்டது.

2004-இல், ஒருவர் ஒரு பக்கத்தில் ஒரு நாளைக்கு மும்முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை நீக்கலாகாது என்னும் விதி வந்தது. இது கையைத் தடுத்ததேயன்றிக் கருத்தை இணைக்கவில்லை. 2005-இல் ஆங்கில விக்கிப்பீடியாவினர் வாக்கெடுத்து, 1308 முதல் 1945 வரை தான்சிக் என்றும், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்றும் வரையறுத்தனர். கட்டுரையில் முதன்முறை குறிக்கும்போது மற்றைப் பெயரையும் உடன் குறித்தல் வேண்டும் என்றும் முடிவாயிற்று. தோற்ற பெயரும் ஏட்டினின்று நீங்காமையே இம்முடிவின் சிறப்பு. நகர் யாருடையது என அவர்கள் தீர்ப்புரைக்கவில்லை. ஒரே பக்கத்தில் இரு சாராரும் எழுதுதற்கு இடம் வகுத்தனர்.

2004-இல் பணிதொடங்கிய நடுவர் குழுவும் தொகுப்பாளரின் நடத்தையை ஆராயுமேயன்றிக் கட்டுரைப் பொருளின் மெய்ம்மையைத் தீர்க்காது. இன்சொல்லோடு பொய்யுரைப்போன் இதனால் தப்பவும், வன்சொல்லோடு மெய்யுரைப்போன் ஒறுக்கப்படவும் கூடுமே எனின், அவ்விடர் உண்மையே. அதனாலன்றோ கூற்றுக்குச் சான்று காட்டல் வேண்டும் என்னும் விதியும் உடன் நிற்கின்றது! எனினும், சான்றினை எடைபோட இருவர் அமர்ந்து பேசுதல் வேண்டும். வசைபொறாது ஒருவர் விலகின் அவரறிந்ததும் அவருடன் விலகும். ஊதியமின்றி வந்தாரை ஆணையால் நிறுத்தல் இயலாது. மாற்றாரிடத்தும் நல்லெண்ணம் உளதென முதற்கண் கொள்க என்னும் அவர்தம் நெறி, ஆதலின், வெறும் அணியன்று. அப்பணி நடைபெறுதற்கு இன்றியமையாத கருவியே எனத் துணியலாம்.