கலைஞர் நூல் (இலங்கை)

கலைஞர் நூல் என்பது ஓவியர் ஒருவர் நூலையே தம் படைப்பாகச் செய்வது. கதைக்குப் படம் போடுவதும் ஓவியங்களைத் தொகுத்து ஆல்பமாக அச்சிடுவதும் இதில் சேரா. தாள், மடிப்பு, தையல், எழுத்து, பக்கம் புரளும் வரிசை எல்லாமே இங்கே படைப்பின் உறுப்புகள். வாசித்த கவிதையின் பக்கத்தில் வண்ணம் தீட்டுவது, பழைய புத்தகத் தாளை வெட்டி ஒட்டுவது என்று வீடுகளில் பொழுதுபோக்காக வளரும் சித்திரக் குறிப்பேடு இதற்கு நெருங்கிய உறவு. இலங்கையில் இக்கலை 2005ஆம் ஆண்டை ஒட்டித்தான் தனித் துறையாகத் தலைதூக்கியது. யாழ்ப்பாணமும் கொழும்பும் அதன் இரு முனைகள். பாடசாலை, கந்தோர், தபால் ஆகியவற்றில் எல்லாரும் புழங்கும் தாள்களையே அது தன் உருவமாக எடுத்துக்கொண்டது. மேற்கில் இதே கலை எடுத்த வழியிலிருந்து இது விலகி நிற்பதும் அதனால்தான்.

எழுத்தைக் கண்ணுக்கு விருந்தாக்கும் விளையாட்டு தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் சொல்லணியில் மடக்கை அடுத்துச் சித்திரகவிகளை வரிசைப்படுத்துகிறது. ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் மாறாத மாலைமாற்றுப் பதிகம் பாடிவிட்டார். ஒன்றில் தொடங்கி ஏழுவரை எண்கள் படிப்படியாக ஏறி இறங்கும் எழுகூற்றிருக்கையை அவரும் பாடினார், திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் பாடினார்கள். அதைத் தேர் வடிவில் கட்டம் போட்டு எழுதுவது வழக்கம். நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல் வழியே செய்யுள் ஓடும். உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் எழுத்து இரு பக்கத்துக்கும் பொது.

இவற்றுள் சுழிகுளம் தாளில் எழுதிப் பார்க்கத் தக்கது. நான்கு வரி, வரிக்கு எட்டெழுத்து. வழக்கம்போல் இடமிருந்து வலமாக வாசித்தால் ஒரு செய்யுள். மூலை எழுத்தில் விரலை வைத்து ஓரமாகவே இறங்கி, கீழ்வரியில் திரும்பி, மேலேறி, சுழித்து நடுவுக்கு வந்தாலும் அதே செய்யுள். குளத்து நீர் சுழிப்பதுபோல் என்பதால் இந்தப் பெயர். பரிதிமாற் கலைஞர் இத்தகைய வகைகளுக்கென்றே சித்திரகவி விளக்கம் என்னும் நூலை எழுதினார். பொருள் வறண்டுபோன வித்தை என்று இவற்றைத் தள்ளிவிடும் திறனாய்வாளர்கள் உண்டு. பல பாடல்களுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தவும் செய்யும். ஆனாலும் எழுத்து ஒலிப்பதோடு நில்லாமல் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது என்பதை இவ்வளவு கறாராகப் பிடித்த கவிமரபுகள் அதிகமில்லை.

மேற்கில் வில்லியம் பிளேக் 1789இல் தம் பாடல்களையும் படங்களையும் ஒரே செப்புத் தகட்டில் பொறித்து, தாமே அச்சிட்டு வண்ணம் தீட்டினார். 1963இல் அமெரிக்க ஓவியர் எட் ருஷே பெற்றோல் நிலையங்களின் ஒளிப்படங்களை மட்டும் கொண்ட சிறு நூலொன்றை வெளியிட்டார். நவீனக் கலைஞர் நூலின் தொடக்கமாக அதைச் சுட்டுவதுண்டு. 1966இல் இங்கிலாந்தின் டொம் பிலிப்ஸ் யாரும் சீண்டாத விக்டோரியக் கால நாவல் ஒன்றை மலிவு விலைக்கு வாங்கி, பக்கந்தோறும் சொற்களை வண்ணத்தால் மறைத்து, எஞ்சிய சொற்களால் வேறொரு கதையைக் கிளப்பினார். அச்சுத் தாளில் சொற்களை அழித்துக் கவிதை காணும் இன்றைய பயிற்சிகளுக்கெல்லாம் அந்நூல் முன்னோடி.

கொழும்பில் 1943இல் தொடங்கிய 43 குழுவின் ஓவியர்களுக்கும் இலக்கியத்துக்கும் ஒட்டுறவு நிறைய. அவர்களில் ஜோர்ஜ் கீற் ஜயதேவரின் கீதகோவிந்தத்தைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து 1940இல் வெளியிட்டார். பின்னர் அது அவருடைய கோட்டோவியங்களோடு பம்பாயிலும் அச்சானது. கொள்ளுப்பிட்டி காலி வீதியில் இன்றும் இயங்கும் பெயார்புட் கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கிய பாபரா சன்சோனி, தீவின் விகாரைகளையும் பழைய வீட்டு விறாந்தைகளையும் நேரில் பார்த்து வரைந்தவர். அவ்வரைபுகள் 1978இல் நூலாயின. இவை அழகான நூல்கள்தாம். எனினும் நூல் இங்கே ஓவியத்தைச் சுமக்கும் பெட்டி, பெட்டியே கலையாகவில்லை.

திருப்பம் தபால் வழியே வந்தது. 2005 மே மாதம் ஜகத் வீரசிங்க, சந்திரகுப்த தேனுவர, முஹன்னத் காதர், யாழ்ப்பாணத்து தா. சனாதனன் ஆகிய நான்கு ஓவியர்கள் ஒருவருக்கொருவர் சித்திரங்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கினர். வந்த சித்திரத்துக்குப் பதிலாகப் புதிதொன்றை வரைந்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் விதி. ஓராண்டுத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள், 2007 ஒக்டோபர் வரை இழுத்தது. இடையில், 2006 ஓகஸ்டில், போர் மீண்டும் மூண்டு ஏ-9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி அற்றுப்போன காலத்தையும் உள்ளடக்கியது அந்தச் சித்திரக் கடிதப் போக்குவரத்து. 208 சித்திரங்கள் சேர்ந்தன. ஷர்மினி பெரேரா நிறுவிய ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் 2008இல் அதை நூலாக்கியது. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் ஓவியர் ஆயிஷா காலித்தின் நூலொன்றைப் பாடசாலைக் கொப்பியின் உருவில் அப்பதிப்பகம் கொண்டுவந்தது.

2011இல் வெளியான சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ இத்துறையில் இலங்கை தந்த முதன்மையான படைப்பு என்று துணிந்து சொல்லலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்து வைத்த பேரேடு தோம்பு. யாழ்ப்பாணத்தில் காணி உறுதி பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சொல்லும், பரப்பும் குழியுமாக நிலம் அளக்கும் கணக்கும் அந்நியமல்ல. அந்தக் கந்தோர்ப் பதிவேட்டின் பெயரைச் சூடிய இந்நூல், போரால் இடம்பெயர்ந்த 80 பேர் விட்டுவந்த வீடுகளைப் பதிகிறது. ஒவ்வொருவரும் தம் வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். கட்டடக்கலைஞர் அதையே அளவுப்படமாகத் தீட்டினார். ஓவியர் அவ்வீட்டின் கதையைக் கேட்டு உலர்வண்ணத்தில் ஒரு சித்திரம் செய்தார்.

மூன்றையும் அடுத்தடுத்துப் புரட்டும்போதுதான் நூலின் வேலை புரியும். வாழ்ந்தவரின் கை இழுத்த கோடு நடுங்கும், வளையும், ஒரு மூலையில் நெருக்கும். அளவுப்படத்தில் அதே அறை நேர்கோடுகளுக்குள் அடங்கி, விண்ணப்பத்தோடு இணைக்கத்தக்க ஆவணம்போல் ஆகிவிடுகிறது. எந்தக் கந்தோரும் கேட்காத விண்ணப்பம் அது. மூன்றாவது தாளில் வீடு வீடாகவே இராது, உடலாகவோ கனவாகவோ மாறியிருக்கும். சுவரில் மாட்டிய ஓவியத்தில் இந்த வரிசை கிடைக்காது. பக்கம் புரள்வதால்தான் ஒரே வீடு மூன்று முறை கைமாறுகிறது.

இதற்கு முன்பே சனாதனன் நூலுருவத்தை நூலில்லாமல் சோதித்துப் பார்த்தவர். 1981இல் எரியூட்டப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004இல் ‘அகம் புறம்’ என்னும் கண்காட்சி நடந்தது. அதற்காக அவர் ஊர்மக்களின் வீடுகளிலிருந்து அன்றாடப் பொருள்களைச் சேகரித்து, புத்தகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றை வைத்தார். 97,000 நூல்களை இழந்த கட்டடத்தில், சங்கக் கவிதையின் திணைப் பாகுபாட்டைத் தலைப்பாகக் கொண்ட நிகழ்வு அது.

2019இல் வந்த அவருடைய ‘ஏ டு சட் ஒஃப் கொன்ஃப்ளிக்ட்’ அரிவரிப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறது. விசயதசமிக்கு ஏடு தொடக்கி, படத்தைப் பார்த்து எழுத்தைச் சொல்லப் பழகிய எவருக்கும் கைப்பழக்கமான உருவம் அது. எழுத்துக்கு ஒரு சொல், சொல்லுக்கு ஒரு படம் என்ற அதே அமைப்பில், சிங்களம், தமிழ், ஆங்கில நெடுங்கணக்குகளோடு போர்க்காலச் சொற்கள் சித்திரங்களாக வந்து உட்காருகின்றன. பிள்ளைகளின் புத்தகம்போல் இருப்பதால் முதலில் சிரிப்பு வரும். மூன்று மொழிக்காரரும் ஒரே காலத்தில் வெவ்வேறு அரிவரி படித்து வளர்ந்ததை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய கட்டுரை எதையும் சுட்டுவது கடினம்.

அதே 2019 டிசம்பரில் ஷர்மினி பெரேரா தலைமைக் காப்பாட்சியராக இருக்க, இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலை கொழும்பில் திறந்தது. அதன் முதல் கண்காட்சி தன் தலைப்பைக் கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து எடுத்தது. பின்னர் நூதனசாலை கொள்ளுப்பிட்டி காலி வீதி கிரெஸ்கற் அங்காடிக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு வந்தது. சாமான் வாங்க வருபவர் எந்த ஆயத்தமும் இல்லாமல் மும்மொழிக் குறிப்புகளோடு சமகாலக் கலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து பேருந்தேறி வரும் தமிழ் மாணவருக்குத் தம் மொழியிலேயே விளக்கம் வாசிக்கக் கிடைப்பது சிறிய காரியமல்ல.

இத்துறையின் நெருக்கடி விலையும் பிரதிகளின் அருமையுமே. கலைஞர் நூல் சிறு எண்ணிக்கையில் அச்சாகிச் சீக்கிரமே சேகரிப்பாளர் கைக்குப் போகிறது. கண்காட்சியில் வைத்தால் கண்ணாடிப் பேழைக்குள் இரு பக்கம் மட்டும் விரிந்து கிடக்கும். புரட்டுவதற்கென்றே செய்த நூலுக்கு இது தகாத இருப்பு.